மூத்தாரின் முதுகு

கண்ணாத்தாளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிச் செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்து நரம்பு சுண்டி முழங்கால்வரை இறங்கியது. தை மாதத்து மண் இறுகிக் கிடந்தது. ஈரம் இருந்தால் கிழங்கு கொத்தோடு வந்துவிடும். இப்போது பாதி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட, மண்வெட்டி போட்டுத் தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் கிழங்கை ஏற்றிப்போக ஜவ்வரிசி ஆலையான சேகோ பேக்டரி லாரி வந்துவிடும்.

காடு பாவாயியுடையது. போன வாரம் பாவாயி வந்து இவள் காட்டில் பிடுங்கிக் கொடுத்தாள். இந்த வாரம் இவள் முறை. மலைமேல் குண்டனி நாட்டில் கிழங்கு வேலை அப்படித்தான் ஓடுகிறது, ஆள் வைத்துப் பிடுங்க யாருக்கும் கட்டுபடியாகாது.

முந்தானையில் முடிந்திருந்த போன் அடித்தது. மண் கையோடு எடுத்துப் பேரைப் பார்த்தாள். மூத்தார் கிடக்கும் பராமரிப்பு இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் தனபால்.

“அம்மா, பதறாதீங்க. உங்க மூத்தாரு நல்லாத்தான் இருக்காரு. நாளைக்கு நாமக்கல்லுல இருந்து ஆபீசருங்க வாராங்க. கெடக்கறவங்களை எப்படிப் பாக்கறோம், என்ன சோறு போடறோம்னு பாத்து மார்க்குப் போடுவாங்க. ஊட்டு ஆளுங்க யாராச்சும் இருக்கோணுமாம். வாரா வாரம் வாரது நீங்க ஒருத்தர்தானே.”

“எனக்குப் பேச வராதுங்களே.”

“பேச்சே வேண்டாம். நல்லா பாக்கறாங்கன்னு ஒரு வார்த்தை. அவங்க நல்லபடியா எழுதினாத்தான் ட்ரஸ்ட்டுக்காரங்க மேக்கொண்டு நடத்துவாங்க. இல்லாட்டிப் பூட்டிட்டு அவங்கவங்க ஊட்டுக்குத் தாட்டி உடறதுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது.”

போனை முடிந்துகொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?” என்று பாவாயி அடுத்த வரிசையிலிருந்து கேட்டாள். “கிழவன் போய்ட்டானா?”

“வாயக் கழுவு அக்கா. ஆபீசருங்க வாராங்களாம். நல்லா பாக்கறாங்கன்னு நான் சொல்லோணுமாம்.”

“சொல்லிட்டுப் போ. காசு பணம் வாங்காம வெச்சிருக்கறானுங்க. சோறு போடறானுங்க.”

“சோறு போடறாங்க. ஆனா...” கண்ணாத்தாள் கையில் இருந்த மண்ணை உருட்டினாள். “வாசம் அடிக்குதுக்கா. ரெண்டு மூணு வாரமாவே. எலி செத்தாப்பல. நர்சுப் புள்ளைகிட்டக் கேட்டா பினாயில் ஊத்தறோம்ங்குது.”

பாவாயி மண்வெட்டியை நிறுத்தினாள். “கட்டில் பக்கமா, வெளியவா?”

“கட்டில் பக்கந்தான்.”

“நீ ஒருக்காவாச்சும் துணிய வெலக்கிப் பாத்தயா?”

“அக்கா! மூத்தாரு அவரு.”

“மூத்தாருக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்குதில்ல” என்றாள் பாவாயி. பிறகு அவளே பயந்துபோனவள்போலக் குனிந்து மண்ணைக் கொத்தத் தொடங்கினாள்.

சின்னராசு கண்ணாத்தாளுக்கு மூத்தார், புருசன் மணிவண்ணனுக்கு அண்ணன். பெண்டாட்டி செத்துப் பல வருசம் ஆகிறது, பிள்ளை இல்லை. தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். போன தையில் சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தவர், ஏணி புரண்டு பாறைமேல் மல்லாக்க விழுந்தார். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் இடுப்புக்குக் கீழே உயிர் திரும்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மணிவண்ணன்தான் அண்ணனைக் கழுவினான், புரட்டிப் போட்டான், துணி மாற்றினான். போர் போடும் ரிக் வண்டியில் வேலை அவனுக்கு. எத்தனை நாளைக்கு வீட்டிலேயே இருக்கமுடியும்? வண்டி சத்தீஸ்கர் பக்கம் போனபோது அவனும் போகவேண்டியதாயிற்று.

அவன் போய்விட்டால் வீட்டில் இவள் ஒருத்தி. அவர்கள் வகையறாவில் தம்பி பெண்டாட்டி மூத்தாரைத் தொடமாட்டாள். எதிரில் நின்று பேசமாட்டாள், பேரைச் சொல்லமாட்டாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவர் உண்ணும் தட்டை எட்டத்தில் நகர்த்திவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றவள் இவள். அவளைத் தொடவிடுவதைவிடச் செத்துப்போகலாம் என்று சின்னராசே சொல்லிவிட்டார். அதனால்தான் செம்மேட்டுக்குப் போகும் வழியில், யாரோ கீழ்நாட்டுப் பணக்காரர்கள் ட்ரஸ்ட்டு வைத்து நடத்தும் பசுஞ்சோலைப் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அங்கேயும் இடமில்லையென்றால் அவருக்கு இந்த உலகத்தில் வேறு கட்டில் கிடையாது.

அன்று ராத்திரியே கண்ணாத்தாள் கஞ்சிக்குச் சாமையைப் புடைத்து எடுத்து வைத்தாள்.

*

மறுநாள் பனி விலகாமலே மினிபஸ் கிளம்பியது. தூக்குப்போசியில் சாமைக் கஞ்சி, மேலே மூடியில் அவரைக்கொட்டைத் துவையல். சாமைக் கஞ்சி என்றால் சின்னராசுக்கு உயிர். இல்லத்து ரவை உப்புமாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் கஞ்சியை மட்டும் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். வழி நெடுக அவள் மூக்கில் அந்த வாசம்தான் இருந்தது. எலியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இல்லம் கல்யாண வீடுபோலக் கழுவிவிடப்பட்டிருந்தது. வாசலில் கோலம். பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. தனபால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றான். முகத்தில் தூக்கம் இல்லை.

“வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. ஆயாளுங்க பொங்கலுக்குப் போனவங்க திரும்பி வரலை. நானும் நர்சு யமுனாவுந்தான் எல்லாத்தையும் கழுவி உட்டோம். உசுரு போய் உசுரு வந்துச்சு. நீங்க கெடுத்துப்புடாதீங்க.”

உள் அறையில் இரண்டு கட்டில். ஜன்னலோரம் சின்னராசு, சுவரோரம் வெங்கடாசலம். அவர் ராசிபுரத்துக்காரர், மலையில் பள்ளி விடுதியில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தேடி வர யாரும் இல்லை. பேச்சு மட்டும் குறையவில்லை.

இரண்டு கட்டிலிலும் புதுப் போர்வை. சின்னராசுக்குக் கழுத்துவரை இழுத்துச் செருகியிருந்தார்கள். தலைமாட்டில் ஊதுபத்தி. கண்ணாத்தாள் வழக்கம்போலக் கதவோரம் நின்று, வெங்கடாசலத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“கஞ்சி கொண்டாந்திருக்குதுன்னு சொல்லுங்க.”

“ஏனப்பா சின்னராசு, கஞ்சி வந்திருக்குதாம்” என்றார் வெங்கடாசலம். பிறகு இவளிடம், “பதிலு வரலை கண்ணு. லைன் கெடைக்கலை. உங்க ரெண்டு பேத்துக்கும் நடுவுல டெலிபோன் ஆபீஸ் நடத்தி எனக்கு வாய் வலிக்குது. ஒரு நாளாச்சும் நேராப் பேசித் தொலையுங்களேன்.”

“தூங்கறாருங்களா?”

“தூக்கமா அது? நேத்து ராத்திரியெல்லாம் பொலம்பல். ஏணியப் புடி, ஏணியப் புடின்னு. ஒடம்பு அனலாக் கொதிக்குதுன்னு அந்தப் புள்ள யமுனா சொல்லிச்சு. மாத்திரை குடுத்தாங்க.”

கண்ணாத்தாள் எட்டிப் பார்த்தாள். சின்னராசின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. கண் பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. ஊதுபத்திக்கு அடியில், பினாயிலுக்கு அடியில், அந்த வாசம் அப்படியே இருந்தது. ஒரு ஈ புதுப் போர்வையின் ஓரத்தில் புகுந்து வெளியே வராமல் இருந்தது.

“ஏனுங்க,” என்றாள் வெங்கடாசலத்திடம், குரல் எழும்பாமல். “இவரைப் பொரட்டிப் போடறாங்களா?”

வெங்கடாசலம் வாசல் பக்கம் பார்த்தார். “என்னக் கேக்காத சாமி. எனக்குப் போக ஊடு இல்ல. உனக்குக் கண்ணு இருக்குது, கை இருக்குது.”

அதற்குள் ஜீப் சத்தம் கேட்டது.

*

வந்தது இரண்டு பேர். சமூகநல ஆபீசில் இருந்து வனிதா என்ற அம்மாள், கூட ஜான்பீட்டர் என்ற எழுத்தர். வனிதா வந்த வேகத்திலேயே குழாயைத் திறந்து பார்த்தாள், கக்கூஸைப் பார்த்தாள், மருந்து அலமாரியைத் திறந்து தேதி பார்த்தாள். ஏனோதானோவென்று வந்தவள் இல்லை. அதைக் கண்டதும் கண்ணாத்தாளுக்கு இன்னும் பயம் கூடியது. இந்தம்மா கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் அவரை எங்கே கொண்டுபோவது?

“நீங்கதான் சின்னராசு வீட்டு ஆளா? அவருக்கு நீங்க என்ன உறவு?”

“தம்பி சம்சாரமுங்க.”

“இங்க எப்படிப் பாத்துக்கறாங்க? பயப்படாமச் சொல்லுங்க.”

தனபால் வனிதாவின் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவன் அதட்டவில்லை, முறைக்கவில்லை. கும்பிடுவதுபோலப் பார்த்தான். அதுதான் அவளை அமுக்கியது.

“நல்லா பாக்கறாங்கங்க.”

“துணி மாத்தறாங்களா? படுத்தே கிடக்கிறவங்களை அடிக்கடி பக்கம் மாத்திப் போடணும். போடறாங்களா?”

“போடறாங்கங்க.”

“முதுகுல புண்ணு எதுவும்?”

வெங்கடாசலம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தனுங்க.”

வனிதா போர்வையின் முனையைப் பிடித்தாள். தனபால் முன்னால் வந்தான். “இப்பத்தான் மேடம் குளிக்க வெச்சுப் படுக்கப் போட்டோம். முதுகெலும்பு ஒடஞ்ச ஆளு, சும்மாச் சும்மாப் பொரட்டினா உசுரு போற வலி. நாலு பேர் வேணும் பொரட்ட. ஊட்டுக்காரங்களே பாத்துட்டேன்ங்கறாங்க.”

வனிதா கண்ணாத்தாளை இன்னொரு தடவை பார்த்தாள். கண்ணாத்தாள் தலையை ஆட்டினாள். வீட்டுப் பெண்ணே பார்த்திருக்கிறாள் என்றால் அதற்குமேல் என்ன என்று நினைத்திருக்கவேண்டும். போர்வையை விட்டாள். ஜான்பீட்டர் குறித்துக்கொண்டார். மூன்று பேரும் சமையல்கட்டுப் பக்கம் போனார்கள்.

அந்த ஈ வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

“நெம்ப நல்லாச் சொன்ன” என்றார் வெங்கடாசலம். குரலில் கேலி இருந்தது, கேலிக்குள் நடுக்கமும் இருந்தது. “தொடமாட்டேன்னு சொல்ற புள்ள பாத்தேன்னு சொல்லுது. அந்தம்மாவுக்கு உங்க வழக்கம் என்னத்தத் தெரியும்?”

கண்ணாத்தாளுக்கு மணிவண்ணன் நினைப்பு வந்தது. அண்ணனைப் பாத்துக்க என்று அவன் சொல்லிவிட்டுப் போனது இந்த ‘பாத்தனுங்க’வுக்காகவா? சின்னராசு எதையோ முனகினார். ஏணி என்று கேட்டது.

அவள் கதவைச் சாத்தினாள். வெங்கடாசலத்தைப் பார்த்து, “நீங்க அக்கட்டால திரும்பிக்கங்க” என்றாள்.

“நான் எங்க திரும்பறது? கண்ண மூடிக்கறேன்.”

போர்வையை உருவினாள். சின்னராசின் கண் திறந்தது. தம்பி பெண்டாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் அந்தக் காய்ச்சலிலும் கை மேலெழுந்து இடுப்புத் துணியைத் தேடியது.

“போ... போ வெளிய...” வெங்கடாசலத்தின் பக்கம் தலையைத் திருப்பினார். “அவளப் போகச் சொல்லு.”

வெங்கடாசலம் கண்ணை மூடியபடியே, “டெலிபோன் ரிப்பேரு” என்றார்.

“மாமா,” என்றாள் கண்ணாத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முகத்துக்கு நேராக அவள் சொன்ன முதல் சொல் அதுதான். “நான் பாத்துட்டேன்னு பொய் சொல்லிட்டனுங்க மாமா. பாக்காம என்னால இங்கிருந்து போக முடியாது.”

தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்தாள். நேற்றைய வலியில் அவள் இடுப்பு கத்தியது. அவர் கனக்கவேயில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒரு ஆண்பிள்ளை உடம்பு இவ்வளவு லேசாக இருக்கக்கூடாது. தன் பக்கமாக இழுத்துப் புரட்டினாள்.

கட்டுத் துணி ஊறி முதுகோடு ஒட்டியிருந்தது. அதை விலக்கியதும் வாசம் முகத்தில் அறைந்தது. இடுப்புக்குக் கீழே, இரண்டு பக்கச் சதையும் சேரும் இடத்தில், கைமுட்டி நுழையும் அளவுக்குக் குழி. ஓரம் கறுத்து, உள்ளே மஞ்சளாக, நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிழங்கு ஒடிந்த இடத்தில் நார் தெரிவதுபோல என்று ஒரு கணம் நினைத்தாள். எலும்பு என்று புரிந்தபோது வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். பொடிப் புழுக்கள் நெளிந்தன.

சின்னராசு முகத்தைத் தலையணையில் புதைத்து அழுதார். வலிக்காக அழவில்லை. அங்கே அவருக்கு வலியே தெரியாது.

*

சமையல்கட்டில் வனிதா சாம்பாரைக் கரண்டியில் மொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாத்தாள் வாசல்படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

“நான் பாக்கலைங்க மேடம். எங்க ஊட்டு வழக்கத்துல மூத்தாரைத் தொடறதில்லீங்க. பயத்துல சொல்லிட்டனுங்க. இப்பப் பாத்தேன். வாங்க. கையெடுத்துக் கும்படறேன், வாங்க.”

வனிதா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். குழியைப் பார்த்தவள் முதலில் போன் எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தாள். பிறகுதான் தனபாலிடம் திரும்பினாள்.

“இது எத்தனை நாளா?”

“மேடம், இத்தனை பேத்துக்கு ரெண்டே ஆளு. நான் ட்ரஸ்ட்டுக்குச் சொல்லிச் சொல்லி...” தனபால் சுவரில் சாய்ந்துவிட்டான். “டாக்டரு மாசத்துக்கு ஒருக்கா வாராரு. மருந்து வெச்சுக் கட்டினோம். ஆறிடும்னு நெனச்சேன். பூட்டிடுவாங்கன்னு பயந்துட்டேன்.”

யமுனா கதவோரம் நின்று அழுதாள். “போர்வையக் கையில பிடிச்சிட்டு விட்டுட்டேன் நான்” என்று வனிதா யாரையும் பார்க்காமல் சொன்னாள். “ஜான்பீட்டர், எழுதினதை அடிச்சிடுங்க. ஒவ்வொரு கட்டிலாப் பாக்கணும்.”

தனபால் கண்ணாத்தாளிடம் மெதுவாகச் சொன்னான்: “இனி இங்க இடம்னு கேட்டு வராதீங்க. இடமே இருக்காது.”

ஆம்புலன்ஸ் வந்து ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழைந்தபோது வெங்கடாசலம் நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்தார். கேலி எங்கோ போயிருந்தது.

“கண்ணு, எனக்கும் முதுகுல ஒரு பக்கம் மரத்தாப்பல இருக்குது. கொஞ்ச நாளாவே. ஒருக்காப் பாத்துச் சொல்லிட்டுப் போ.”

“மேடம் பாப்பாங்கங்க.”

“அவங்க பாத்து எழுதிட்டுப் போயிருவாங்க. எழுதினதும் என்னத் தூக்கி எங்க போடுவாங்களோ. நீ பாரு. இருந்தா இருக்குதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லு. இல்லாட்டி இல்லைன்னு சொல்லு.”

“இதா, இவரை வண்டியில ஏத்திட்டு வாரனுங்க. பாத்துட்டுத்தான் போவேன்.”

வண்டியில் ஏற்றினார்கள். பல்ஸ் பார்த்த பையன் முகம் மாறி, “கூட யாரு? ஏறுங்க, ஏறுங்க, நேரமில்லை” என்று கையைப் பிடித்து இழுத்தான். கதவு சாத்தியது. செம்மேடு தாண்டும்வரை அவள் வெங்கடாசலத்தை நினைக்கவேயில்லை.

இறக்கத்தில் வளைவுக்கு வளைவு வண்டி சாய்ந்தது. சின்னராசின் உடம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் நழுவப் பார்த்தது. கண்ணாத்தாள் இரண்டு கையாலும் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பு இல்லாமலா, மனசு இல்லாமலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஏணிய வுட்றாத” என்றார்.

“புடிச்சிருக்கறனுங்க மாமா.”

காரவள்ளி அடிவாரத்தில்தான் மணிவண்ணனுக்கு லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் ரிக் இரைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தொட்டதைச் சொல்லும்போது மட்டும் நின்றாள்.

“நான்தான் பொரட்டினேன். வேற யாரும் இல்லீங்க.”

இரைச்சல் நின்றது. வண்டியை அணைத்திருப்பார்கள்.

“உசுரு இருக்குதா?” என்றான்.

“இருக்குதுங்க.”

“கைய எடுத்துறாத. நான் கெளம்பி வாரேன்.”

நாமக்கல் ஆஸ்பத்திரியில் சின்னராசை உள்ளே கொண்டுபோனார்கள். விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இப்போதைக்கு எதுவும் சொல்லமுடியாது என்றார் டாக்டர். கண்ணாத்தாள் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்தாள். கஞ்சிப் போசி இல்லத்திலேயே நின்றுவிட்டது. கையை எத்தனை கழுவியும் வாசம் போகவில்லை. உள்ளேயிருந்து யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்றாள்.

தனபாலுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். வெங்கடாசலத்திடம் போன் கிடையாது. வனிதா மேடத்தின் நம்பரை வாங்கிவைக்கத் தோன்றவில்லை. இருட்டிவிட்டது, மேலே போக இனி பஸ் இல்லை. பஸ் இருந்தாலும் இவரை விட்டுவிட்டு நகரமுடியாது.

பாத்துட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருந்தாள். வெங்கடாசலத்தின் முதுகை அவள் பார்க்கவில்லை. அது அவருக்கு அவள் பட்ட கடன், இன்னும் நிற்கிறது.